நடுவில் குழிந்த தரை

“அப்பா, இந்தத் தரை ஏன் நடுவுல குழிஞ்சிருக்கு? யாராவது ரொம்ப நேரம் அங்கயே நின்னு அழுதாங்களா?”

இப்படிக் கேட்டவளுக்கு அப்போது ஆறு வயது. இரும்புக் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் ஓரமாகத் தொங்கவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பழைய விடுதியின் மாடி அது. வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வரும் குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வாடகை இல்லாமல் தங்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போன கட்டடம். கீழே கல் தரை, மேலே மரத் தரை. சுவருக்குச் சுவர் மூன்று பெரிய உத்தரங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகைகள். எத்தனையோ பேருடைய பாரத்தைச் சுமந்து சுமந்து நடுவில் தொய்ந்துபோயிருந்தது.

அப்பாவுக்குத் தொழில் மரவேலை. உத்தரம் ஏன் தொய்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தக் கணக்கை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

“யாரு அழுதாங்கன்னு தெரியலம்மா. ஒருநாள் அப்பாவே வந்து இதை நேராக்கிடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அந்தக் கட்டிலுக்குச் சின்னச் சின்னச் சக்கரங்கள். தரை சரிவாக இருந்ததால் குழந்தை புரண்டு படுத்தாலே கட்டில் மெல்ல நடுக்குழியை நோக்கி நகரும். கையில் ஏற்றியிருக்கும் மருந்துக் குழாய் இழுபட்டு அவள் வீலென்று அலறுவாள். செருப்பை வைத்துப் பார்த்தார்கள், துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை. அம்மாக்காரி சக்கரத்துக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு தூங்கப் பழகினாள்.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், கீழ்ப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டு மரக்கட்டைகள். வைரம் பாய்ந்த மரம். தரையின் சரிவுக்கு ஏற்றபடி ஒரு மயிரிழை பிசகாமல் சீவியிருந்தது. வழுக்காமலும் சத்தம் வராமலும் இருக்க, அடியில் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் வந்து, அளவெடுத்து, பொறுமையாகச் செய்த வேலை. அது மரவேலைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கியிருந்தவர்கள் எல்லோரிடமும் விசாரித்தார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். செய்தவர் இன்றுவரை யாரென்று தெரியாது.

அதன்பின் கட்டில் அசையவில்லை. மகள் கடைசிவரை அதில் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று பேராக வந்தவர்கள் இரண்டு பேராக ஊர் திரும்பினார்கள். அந்தக் கட்டைகள் அவருடைய வேலைப் பெட்டியின் அடியில், ஒரு துணியில் சுற்றியபடி கூடவே வந்தன.

*

வருஷங்கள் ஓடின. பழைய கட்டடங்களின் மரத் தரைகளைப் பழுது பார்ப்பதில் அவருக்குப் பெயர் வந்துவிட்டது. முட்டுக்கொடுத்து நிறுத்துவதில் கெட்டிக்காரர் என்பதால் ‘முட்டு மேஸ்திரி’ என்றே கூப்பிட்டார்கள். அந்த விடுதிக் கட்டடத்தைச் சரிசெய்ய அவரைத்தான் அழைத்தார்கள் என்றால், அதைத் தற்செயல் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கடவுள் சில வேலைகளைச் சிலருக்கென்று எடுத்துவைத்திருக்கிறார் என்று நம்பினார். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் முதல் முட்டை நிறுத்தினார்.

வேலை நன்றாகவே நடந்தது. மழைக்குழாய் ஒழுகி, சுவருக்குள் செருகியிருந்த உத்தர முனைகள் மக்கிப்போயிருந்தன. மக்கியதை அறுத்தெடுத்து, அதே ஜாதி மரத்தில் புது முனை செய்து, பழைய மரத்தோடு கோத்து போல்ட் முடுக்கினார்கள். கூட வேலை செய்தவன் மனைவியின் தம்பி. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் ஒரு பெண். சின்ன வயதுதான். ஆனால் விரலால் தட்டியே மரத்தின் உள் சேதியைச் சொல்லக்கூடியவர். நடு உத்தரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்த அன்று அவர் தெளிவாகச் சொன்னார்:

“மேஸ்திரி, இந்த முட்டெல்லாம் தாங்கறதுக்குத்தான், தூக்கறதுக்கு இல்ல. இந்த உத்தரம் வளைஞ்சபடியே இறுகிப்போச்சு. இனிமே நேராக்க நெனச்சா பிளந்துடும். குழி குழியாவே இருக்கட்டும். பலமா இருந்தா போதும்.”

“தெரியும் மேடம்.”

மச்சான் பக்கத்திலிருந்து சிரித்தான். “கேட்டுக்கிட்டீங்களா மாமா? கூன் விழுந்த கிழவரைப் பிடிச்சு நிமிர்த்தி நிக்க வெச்சா போட்டோ நல்லா வரும். ஆளு போயிடுவாரு.”

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கட்டட அதிகாரி வருவதாக இருந்தது. தரைமேல் பாரம் ஏற்றிப் பார்ப்பார். தாங்கினால் விடுதி தொடர்ந்து நடக்கும். தாங்காவிட்டால் அன்றைக்கே பூட்டிச் சீல் வைத்துவிடுவார்கள்.

தங்கியிருந்தவர்களைக் கீழே பின்கட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு தாயும் மகளும் மட்டும், மேஸ்திரியின் மகள் முன்பு படுத்திருந்த அதே மாடி மூலையறையிலேயே இருந்தார்கள். அந்தக் குழந்தை கூட்டத்துக்குள் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூலையறை சுவர் ஓரமாக இருந்ததால் இன்ஜினியரும் சரி என்றார்.

புதன்கிழமை காலையில் பலகைகளைப் பார்ப்பதற்காக மேஸ்திரி மாடிக்குப் போனார். குழந்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தது. தலையில் ஒரு முடி இல்லை. வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

“மாமா, இது கட்டில் இல்ல, கப்பல். அம்மா தூங்கினா தானா கிளம்பிடும்.”

“என்னை எதுக்கு மாமாங்கற?”

“கீழ இருக்கற அந்த அண்ணன் நாள் பூரா மாமா மாமான்னுதானே கத்தறாரு? உங்க பேரு அதுதான்னு நெனச்சேன்.”

தாய் சிரித்துக்கொண்டே வந்தாள். “அவ வாயை மூட முடியாதுண்ணா. கண்டுக்காதீங்க.”

“கட்டில் நகருதாம்மா?”

“நகரத்தான் செய்யும். நான் காலை வெச்சுத் தடுத்துப்பேன். பழகிடுச்சு.”

மேஸ்திரி அவள் கணுக்காலைப் பார்த்தார். சக்கரம் அழுந்திய இடம் கன்றிக் கறுத்திருந்தது. அதே இடம், அதே கறுப்பு. தன் மனைவியின் காலில் பார்த்தது.

அந்த நேரத்தில் பெட்டிக்கு அடியில் கிடந்த இரண்டு கட்டைகள் அவருக்கு ஞாபகம் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஞாபகம் வந்தது மகளுக்குச் செய்த சத்தியம். பெரிதாக ஒரு நல்லதைச் செய்யத் துடிக்கிற மனசுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சின்ன நல்லது தெரிவதில்லை. நம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

கீழே வந்தார். மச்சான் வாஷர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். சுவருக்குச் சுவர் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி உத்தரம் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்த்தார். நாலு விரல் கனம். ஜாக்கியின் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். மரம் முனகியது. காத்திருந்தார். இன்னொரு சுற்று. நாலு விரல் மூன்றாயிற்று. அவருக்கு நெஞ்சு விம்மியது. இதே மாதிரி ஆசைப்பட்டவர்களை எத்தனை இடங்களில் அவரே திட்டியிருக்கிறார்! ஆனால் அன்று அவர் மேஸ்திரியாக அங்கே நிற்கவில்லை. அப்பாவாக நின்றார்.

“பாத்தியாம்மா?” என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் சுற்றினார். இரண்டு விரல்.

படீர் என்றது.

கண்ணை மறைக்கும்படி தூசி கொட்டியது. தூசி அடங்கியபோது, உத்தரத்தின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு விரிசல். விரலை உள்ளே விடலாம். மேலே கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் பேச்சு நின்றுபோயிருந்தது.

மேஸ்திரி கம்பியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மாடிப்படியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

“நடுவுல வராதீங்க! சுவரை ஒட்டி வாங்க, சுவரை ஒட்டி!”

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தாய், குழந்தையின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துப் பாட்டிலை உயரப் பிடித்தபடி சுவரில் முதுகு உரச உரசப் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பலகை ‘டிக், டிக்’ என்றது.

“மாமா,” என்று குழந்தை அவர் காதுக்குள் கேட்டது, “கப்பல் உடைஞ்சு போச்சா?”

அவர் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தார்.

*

திரும்பி வந்த மச்சான் வாசலிலேயே வாஷர் பொட்டலத்தைக் கீழே போட்டான். இரண்டு பேரும் ஓடி ஓடிப் புது முட்டுகளை நிறுத்தினார்கள். விரிசல் நின்றது. ஆனால் மூடவில்லை.

மச்சான் மெல்ல அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மாமா, மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன். பழைய மரம், தானா பிளந்துடுச்சுன்னு சொல்லிடறேன். யாரும் துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க.”

“வேணாம் மாப்ள. மரத்து மேல பழியைப் போட்டா அவங்க போடற கணக்கு தப்பாயிடும். அந்தத் தப்புக் கணக்கு மேல புள்ளைங்க தூங்கணும்.”

இன்ஜினியர் வந்தார். பார்த்தார். ஒரு மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“எவ்வளவு தூக்கினீங்க?”

“ஒரு விரல்... கொஞ்சம் கூட.”

“மேஸ்திரி, எனக்கு உண்மை வேணும்.”

“ரெண்டு விரல் மேடம்.”

“நான் சொன்னேன். தெரியும்னு வேற சொன்னீங்க.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “ஏன்?”

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பதில் சொன்னால் தன் தப்புக்கு மகளைச் சாட்சிக்கு இழுத்தது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. “நேரா இருந்தா நல்லதுன்னு நெனச்சுட்டேன்.”

இன்ஜினியர் எழுந்து விரிசலை ஓரம் ஓரமாகத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தகடு வைத்து, ஊடே போல்ட் போட்டுக் கட்டினால் உத்தரம் பிழைக்கும் என்றார். ஆனால் தகடு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டறையாகப் போன் செய்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். அதிகாரியிடம் தவணை கேட்டார். விரிசல் விட்டது என்று தெரிந்ததும் அவர் இன்னும் கறாராகிவிட்டார். சொன்ன தேதியில் வருவேன், தாங்காவிட்டால் பூட்டுவேன் என்றார்.

பின்கட்டில் சேதி பரவியது. யாரும் சத்தம் போடவில்லை. பைகளின் ஜிப்பு இழுபடும் ஓசை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

மூலையறைத் தாய் வராந்தாக் கோடியில் தனியாக, குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க போவீங்கம்மா?”

“ஊருக்குத்தாண்ணா. வெளிய ரூம் எடுக்க நமக்கு வழியில்ல.”

“மீதி ஊசி?”

“பாதிதான் ஆயிருக்கு.”

“ஊர்ல போடுவாங்களா?”

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “அங்க கிடையாதுண்ணா.”

“என்னாலதான்...”

“நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?” என்றாள்.

வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். எத்தனையோ கஷ்டத்தில் சாமியைக் கூப்பிட்டவர்தான். இன்றைக்கு ‘கடவுளே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்ன என்று கேட்பது? தன் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை வைத்து இன்னொரு பெண்ணின் உயிருக்கு உலை வைத்தாயிற்று. மன்னிப்புக் கேட்டால் மரம் ஒட்டிக்கொள்ளுமா? கைகளைப் பார்த்தார். கம்பியைச் சுற்றிய இடத்தில் துரு ஒட்டியிருந்தது. வேட்டியில் தேய்த்தார், போகவில்லை.

மச்சான் வந்து எதிரே நின்றான்.

“மாமா, அந்த இரும்பு கேட்டு செய்யறவன்கிட்ட போய்ப் பாக்கட்டுமா?”

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். பின் தெருவில் இரும்புக் கேட்டு செய்யும் பட்டறைக்காரனும் மச்சானும் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். அற்ப விஷயத்துக்கு முட்டிக்கொண்டு, ஒருவரைப் பார்த்தால் ஒருவர் தெருவை மாற்றிப் போவார்கள்.

“அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னவனாச்சே நீ?”

“மூஞ்சியை யாரு பாக்கப் போறா? தகட்டைத்தானே பாக்கப் போறேன்.”

போய்விட்டான். அங்கே என்ன பேசினான், எத்தனை தூரம் இறங்கிப் போனான் என்று பிறகும் யாருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் விடுதி வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. பெரிய கேட்டு ஒன்றுக்காக அறுத்து வைத்திருந்த தகடுகள் அதில் இருந்தன. தள்ளிக்கொண்டு வந்தவன் பட்டறைக்காரனேதான். தோளில் டிரில் மிஷின்.

“யாரோடவும் பேச வரல,” என்றான் வாசலில் நின்றபடியே. “ஓட்டை போட வந்தேன்.”

“பேசினா மட்டும் என்ன, முத்தா உதிரப் போகுது?” என்றான் மச்சான், வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டே.

இன்ஜினியர் தகட்டின் கனத்தை அளந்து பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்.

“முதல்ல இறக்கணும். எங்கிருந்து தூக்கினீங்களோ அங்கயே கொண்டு போங்க. மரம் தன் பழைய வளைவுக்குப் போனாத்தான் வாயை மூடும்.”

அந்த வேலையை வேறு யாரிடமும் விட மேஸ்திரிக்கு மனசில்லை. கம்பியை எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று, நிறுத்தி, காதை வைத்துக் கேட்டு, இன்னொரு கால் சுற்று. இரண்டு விரல் மூன்றாயிற்று. மூன்று நாலாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் மகளிடம் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்குவது போலிருந்தது. கண் மங்கியது. தோளில் துடைத்துக்கொண்டு சுற்றினார். விரிசல் மெல்ல மெல்லக் கோடாகி, கோடும் மங்கியது.

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் தணிந்த குரலில் சொன்னார்: “உங்க பொண்ணைப் பத்தி உங்க மச்சான் எல்லாம் சொன்னாரு.”

மேஸ்திரி கம்பியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“எனக்குக் கோபம் இன்னும் போகல மேஸ்திரி. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த மாடியில எத்தனை பேரு புள்ளையை வெச்சுக்கிட்டு முழிச்சிருப்பாங்க! அத்தனை பேரும் சேந்து உண்டாக்கின குழி இது. உங்க ஒருத்தருக்குச் சொந்தமில்ல.”

மகள் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து யாரோ பதில் சொன்னது போலிருந்தது அவருக்கு.

தகடுகளைத் தூக்க ஆள் போதவில்லை. மூட்டை கட்டி வைத்திருந்த அப்பாக்கள் கேட்காமலே வந்தார்கள். ஒருவர் குமாஸ்தா, ஒருவர் டிரைவர், ஒருவர் பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்ததையும் பொருட்படுத்தாதவர். எல்லோரும் தோள் கொடுத்தார்கள். பட்டறைக்காரன் ஓட்டை போட்டான், மச்சான் போல்ட்டைச் செருகினான். ஒவ்வொரு நட்டையும் இன்ஜினியரே முடுக்கிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் உத்தரம் இரண்டு தகடுகளுக்கு நடுவே அணைத்துப் பிடித்த மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். முட்டுகளை எடுக்கச் சொன்னார். மாடியின் நடுவில் மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னார். கீழே உத்தரத்துக்கு அடியில், அது எவ்வளவு தாழ்கிறது என்று காட்டும் அளவு முள் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டை விழும் சத்தத்துக்கும் பின்கட்டில் ஒருவர் மூச்சைப் பிடித்தார். முள் அசைந்தது. இன்னும் அசைந்தது. நின்றது. அப்படியே விட்டுவிட்டு அதிகாரி வெளியே போய் ஒரு டீ குடித்தார். அந்த டீயைப் போல ஆறாத டீயை மேஸ்திரி வாழ்நாளில் பார்த்ததில்லை. திரும்பி வந்து மூட்டைகளை இறக்கச் சொன்னார். முள் மெதுவாகத் தன் பழைய இடத்துக்கு வந்தது.

அதிகாரி முதுகை நிமிர்த்தினார். “குழி இருக்கத்தான் செய்யுது.”

“இருக்கும் சார்,” என்றார் இன்ஜினியர்.

“சரி. தங்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூலையறைத் தாய்க்கு முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மடித்து வைத்த சட்டைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைசிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

*

அன்று மத்தியானம் தாயும் மகளும் ஊசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கீழே மச்சானும் பட்டறைக்காரனும் முட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எந்தக் கட்டை முதலில் போவது என்று பழையபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி வேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். மூலையறையில் கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதே இரும்பு, அதே சின்னச் சக்கரங்கள். கையால் லேசாகத் தொட்டார். கட்டில் ஒரு விரல்கடை நகர்ந்தது.

பெட்டியின் அடியிலிருந்து துணிச் சுருணையை எடுத்துப் பிரித்தார். மரம் கறுத்திருந்தது. கம்பளியில் ஒரு மூலை நைந்திருந்தது. மற்றபடி அப்படியேதான் இருந்தன. மண்டியிட்டு, ஒரு சக்கரத்தைத் தூக்கி ஒரு கட்டையை வைத்தார். அடுத்ததை வைத்தார். தரை தன் பழைய சரிவுக்கே திரும்பியிருந்தது. கட்டைகள் நேற்றுச் சீவியவை போல அதில் பொருந்தி உட்கார்ந்தன.

எழுந்து, இரண்டு கையாலும் கட்டிலைத் தள்ளினார். அசையவில்லை. பலமாகத் தள்ளினார். அசையவில்லை.

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். மணல் மூட்டைத் தூசியில் வாசலிலிருந்து கட்டில்வரைக்கும் அவர் கால்தடம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே போய், தோளில் கிடந்த துண்டால் ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து வந்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சுவரை ஒட்டியே நடந்து கீழே இறங்கினார்.